புன்னைத்துறையில் விட்டுப்போன வரி

புன்னைத்துறை என்ற எங்கள் ஊரில், கடலைப் பார்த்து நிற்கும் தோமையார் கோயிலில், ஒரு வருடமும் ஏழு மாதமும் நாங்கள் கர்த்தர் கற்பித்த செபத்தை ஒரு வரி குறைத்தே சொல்லிவந்தோம். வேண்டுமென்று யாரும் குறைக்கவில்லை, கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை, வாய்தான் தானாக நின்றது. நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சண்டையைச் சொல்லிவிட வேண்டும். அதில் அதிசயம் எதுவும் இல்லை. மீன் ஏலம் போடும் கூடத்தை வடக்குத்தெருக் கரையில் கட்டுவதா தெற்குத்தெருக் கரையில் கட்டுவதா என்று தொடங்கியது அது. இரண்டு தெருவுக்கும் ஒரே கோயில், ஒரே கல்லறைத்தோட்டம், ஒரே கடல். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு வேறு. ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், தெற்குத்தெருக்காரர்கள் கூடத்துக்கு அஸ்திவாரக் குழி தோண்டுகிறார்கள் என்று யாரோ வந்து சொன்னதும், நான் கோயில் மைக்கைப் போட்டு, வடக்குத்தெரு ஆம்பிளைகள் எல்லாரும் உடனே கடற்கரைக்கு வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். என் பெயர் கஸ்பார். கோயில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்பவன். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது என் தொழில். என் குரல் கனமாக இருக்கும், காற்று எதிர்த்து அடித்தாலும் ஊர் முழுக்கக் கேட்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கும் கேட்டது.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தபோது மணலில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவன் என் மகன் ரெமிஜியுஸ், இருபத்திரண்டு வயது. மற்றவன் தெற்குத்தெருப் பிரகாசி என்பவளின் இளைய மகன் ஹில்லாரி, அவனுக்கு இருபத்து நான்கு. என் மகனைத் துடுப்பால் அடித்தவன் ஹில்லாரியின் அண்ணன் செலஸ்தீன். கண்டவர்கள் சொன்னார்கள், அவனும் மறுக்கவில்லை, இப்போது ஜெயிலில் இருக்கிறான். ஹில்லாரியை அடித்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அறுபது பேர் அடித்தார்கள். அந்த அறுபது பேரையும் கூப்பிட்டது ஒரே ஒரு குரல்.

அதன்பின் கோயிலைப் பூட்டி, வாசலில் போலீஸ் உட்கார்ந்து, மூன்று மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முந்தி, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு திறந்தார்கள். வடக்குத்தெரு இடது பக்கமும் தெற்குத்தெரு வலது பக்கமும் நின்றது. நடுவில் இருந்த பாதை முன்பு நான்கு அடி இருந்தது, அன்றைக்கு எட்டடி போலத் தெரிந்தது. எங்கள் பங்குச்சாமியார் எட்வின் சாமி புதியவர், வயது முப்பதைத் தாண்டாதவர், பூசையை நடுக்கத்தோடுதான் தொடங்கினார். வாசகம் முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, கர்த்தர் கற்பித்த செபம் வந்தது. தந்தையே என்று எல்லோரும் சேர்ந்துதான் கூப்பிட்டோம். அவருடைய பெயரைப் போற்றினோம், அவருடைய ஆட்சியை வரச் சொன்னோம், அன்றாட உணவைக் கேட்டோம். அடுத்த வரியில், எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல எங்கள் குற்றங்களை மன்னியும் என்று கேட்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நின்றுபோனது. சாமியும் மைக்கின் முன்னால் வாயைத் திறந்து மூடினார். நான்கு நொடி. விசிறி சுற்றும் சத்தமும் அலைச்சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு, அந்த வரியைச் சொல்லி முடித்திருந்தால் எங்கே வந்திருப்போமோ சரியாக அங்கே, சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்று முந்நூறு பேரும் ஒன்றாகத் தொடர்ந்தோம்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாவது வாரம்தான் டீக்கடையில் இஞ்ஞாசி வாய் திறந்தார். அவர் வலை பின்னுகிறவர், எதையும் இழுத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"அந்த 'போல'தான்வே தொண்டையில நிக்கி" என்றார். "நாங்க மன்னிக்கிற மாதிரியே நீரும் எங்கள மன்னியும்னு ஆண்டவர்கிட்ட கேக்கோம். நாம மன்னிக்கவே இல்ல. அப்போ நாம என்ன கேக்கோம்? எங்கள மன்னிக்காதேயும்னு முழங்கால் போட்டுக் கேக்கோம். எவனாவது கேப்பானா?"

"அதுக்காக விட்டுட முடியுமா?" என்று கடைக்காரர் மாடசாமி கேட்டார்.

"கோயிலுக்குள்ள நின்னு பொய் சொல்லச் சொல்லுதீரா?"

மாடசாமி எங்கள் வேதக்காரர் இல்லை, அதனால் டீ ஆற்றத் திரும்பிவிட்டார். எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. மன்னிக்காமல் இருப்பதற்கு அதைவிடப் பக்தியான ஒரு காரணம் கிடைக்காது. இப்போது யோசிக்கும்போது கூசுகிறது, அன்றைக்குப் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அந்த நான்கு நொடிக்குள் என் மகன் அந்த வரியைச் சொன்னான்.

அவன் குரல்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எந்தச் செபத்தையும் அரை நொடி முந்திச் சொல்லும் பழக்கம் உண்டு, சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் பந்து விளையாடப் போகலாம் என்பதுபோல. அதே அவசரத்தோடு, அரை நொடி முந்தி, மூன்றாவது தூணுக்கும் மரியாயின் சுரூபத்துக்கும் நடுவிலிருந்து வந்தது. அவனை விரட்டிப் பிடிப்பதுபோல இன்னொரு குரலும் கேட்டது, நடுவில் ஒரு சிறு இருமலோடு. வலது பக்கத்தில் பிரகாசி தூணைப் பிடித்துக்கொண்டாள். அது ஹில்லாரியின் இருமல்.

எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். மைக் செட்டில் பழைய பதிவு எதையோ போட்டுவிட்டேன் என்று நினைத்தார்கள். நானே நினைத்தேன். அடுத்த ஞாயிறு செபம் தொடங்கும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்து, வயரையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதும் சொன்னான். அதற்கடுத்த வாரம் நான்கு பேர் போனில் பதிவு செய்து பார்த்தார்கள். விசிறிச் சத்தம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. அதோடு சோதனைகளை நிறுத்திக்கொண்டு ஊர் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

வேலை நிறைய இருந்தது. தவக்காலம் முடிவதற்குள் மற்ற இறந்தவர்களும் வந்துசேர்ந்தார்கள். புயலில் போனவர்கள், காய்ச்சலில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், உடல் கிடைக்காததால் வெறும் பெட்டியைப் புதைத்தோமே அவர்கள், எல்லாரும் அந்த நான்கு நொடிக்குள் அவரவர் தொண்டையோடும் அவரவர் தெத்துப்பல்லோடும் வந்தார்கள். நான்கு நொடி யாருக்கும் போதாமல் போகவில்லை. எந்தக் குரல் எங்கே தெளிவாகக் கேட்கும் என்று பெண்கள் கண்டுபிடித்து, விடியற்காலையிலேயே வந்து தங்கள் இடத்தில் செபமாலையையோ முக்காட்டுத் துணியையோ போட்டு வைத்தார்கள். அப்படி இடம்பிடித்ததில், இடது வலது என்ற கணக்கு குழம்பிப்போனது. வடக்குத்தெரு லில்லியின் புருசன் தொம்மையின் குரல் தெற்குப் பக்கத்து ஜன்னலில்தான் கேட்டது என்பதால் அவள் தெற்குத்தெருப் பெண்களோடு நெருக்கியடித்து நிற்க வேண்டியிருந்தது.

"உசுரோட இருக்கையில கோயில் வாசல மிதிக்காத மனுசன்" என்று லில்லி அவர்களிடம் அலுத்துக்கொண்டாள். "செத்தப்புறம் ஒரு ஞாயிறு தவறுதாரா பாருங்க."

"நீ அடுப்படியில நின்னு பேசுனது அங்க கேக்காதுல்லா, அதான் நிம்மதியா வாராரு" என்றாள் ஒரு தெற்குத்தெருக்காரி. லில்லி சிரித்துவிட்டாள். சண்டைக்குப் பிந்தைய பதினைந்து மாதத்தில் வடக்கும் தெற்கும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

மாடசாமிகூட ஞாயிறு ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பின்வாசலில் வந்து நின்றார், கடலில் போன தன் சிநேகிதன் சந்தியாகுவின் குரலுக்காக. ஆயர் இல்லத்திலிருந்து விசாரிக்க வந்த வயதான சாமியார் முன்வரிசையில் குறிப்பேட்டோடு நின்றார். அந்த இடம் வந்ததும் அவர் "அம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். புன்னைத்துறைக் கோயில் நல்ல காற்றோட்டமானது என்று மட்டும் அவர் எழுதிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

இப்படி, செபத்தில் ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு ஊர் சந்தோசமாகவே இருந்தது. என் மனைவி செபஸ்தியம்மாள் மூன்றாவது தூணருகே நின்றுவிட்டு வந்து, "இன்னைக்கு நல்லா சொன்னான், தொண்டை கட்டு இல்ல" என்று சொல்லிக்கொண்டே மீன் கழுவுவாள். வாரத்துக்கு நான்கு நொடி மகன் இருந்தான். இல்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிது என்று இழந்தவர்களுக்குத் தெரியும். யாரும் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் நம் சத்தத்தில் அவர்கள் குரல் கேட்காமல் போய்விடும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பழக்கதோசத்தில் அந்த வரியைத் தொடங்கியபோது பக்கத்தில் நின்ற நான்தான் அவர் வாயைப் பொத்தினேன்.

அதற்கடுத்த வருடம், உயிர்ப்புப் பெருநாளான பாஸ்காவுக்குப் பிறகு எட்வின் சாமி ஒரு மாலையில் என்னைத் தேடி வந்தார். முதல்முறையாக நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கப்போகும் பதினாறு பிள்ளைகளிடம் செபத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறார். பதினாறும் பிழையில்லாமல் சொல்லியிருக்கின்றன, நடுவில் நான்கு நொடி நிறுத்தி.

"ஏன் நிறுத்துறீங்கன்னு கேட்டேன் கஸ்பார்" என்றார் சாமி. "ஒரு பொண்ணு சொல்லுது, அந்த எடத்துல செத்தவங்க சொல்லுவாங்க சாமி, நாம சொல்லக் கூடாதுன்னு."

"பிள்ளைங்கதான சாமி."

"பிள்ளைங்கதான். அதுங்களுக்கு அந்த வரியே தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது." அவர் என் ஆம்ப்ளிஃபயரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நான் சாமியார். நானே சொல்றதில்ல. எங்க அப்பா குரல் பலிபீடத்துக்குப் பின்னால கேக்குது. நான் யாரப்போய்த் திருத்த?"

அவர் போனபின் நான் அந்த வரியைப் பற்றி, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, ஒழுங்காக யோசித்தேன். ஒன்றரை வருடமாக என் மகனின் குரலைக் கேட்டேனே தவிர, அவன் என்ன சொல்கிறான் என்பதை நான் கேட்கவில்லை. அவன், 'நாங்கள் மன்னிப்பது போல' என்கிறான். துடுப்பு விழுந்தது அவன் தலையில். அவன் மன்னித்து முடித்து, வாராவாரம் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போகிறான், பக்கத்தில் ஹில்லாரி நின்று இருமுகிறான். அடிபடாத நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் நின்று, நன்றாகக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

யோசித்ததால் எதுவும் செய்துவிடவில்லை. யோசிப்பது எனக்குச் சுலபம். இரண்டு வாரம் யோசித்தேன்.

மூன்றாவது வாரம், புதுநன்மைக்காகப் பீடத்துக்குப் புது வயர் இழுத்துக்கொண்டிருந்த மதியம், பிரகாசி வந்தாள். சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. அவள் வெறுங்கையோடு வந்து தூணருகே நின்றாள்.

"கஸ்பார் அண்ணே."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"செலஸ்தீனப் பாக்கப் போயிருந்தேன்" என்றாள். "கோயில்ல தம்பி பேசுதான்னு சொன்னேன். ரெமி பேசுதானான்னு கேட்டான். பேசுதான்னேன். என்ன சொல்லுதான்னு கேட்டான்."

"சொன்னியா?"

"சொன்னேன். அழுவான்னு நெனச்சேன். அழல. 'அம்மா, அவனுவ சொல்லட்டும், கஸ்பார் மாமா என்ன சொல்லுதாரு?'ன்னு கேட்டான்."

நான் வயரைச் சுற்றத் தொடங்கினேன். சுற்றியதைப் பிரித்து மறுபடியும் சுற்றினேன்.

"நீ என்ன சொல்லுத, பிரகாசி?" என்று கேட்டேன். "உன் பிள்ளைய அடிச்ச அறுபது பேரையும் கூப்பிட்டது நான். யாரு மறந்தாலும் நீ மறந்திருக்க மாட்ட."

"மறக்கல. சோறு பொங்கும்போதுகூட உங்க கொரல் கேக்கும். ஒரு வருசமா உங்களச் சபிச்சிருக்கேன், பேரச் சொல்லி, செபமாலைய உருட்டிக்கிட்டே." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அந்தப் பயலுவ நம்ம வேலையச் செய்யுதுவ அண்ணே. நம்ம வாயால சொல்ல வேண்டியத, பாவம், செத்தும் அதுவ வந்து சொல்லிட்டுப் போவுது. உசுரோட இருக்கையில ஒரு வேல செய்யச் சொன்னா முனங்குவானே ஹில்லாரி, இப்ப ஒரு ஞாயிறு லீவு இல்ல."

"நாம சொன்னா அவனுவ கொரல் கேக்காது."

"தெரியும்."

"ஒரேயடியா கேக்காமப் போயிட்டா?"

"தெரியும்னு சொன்னேன்ல. அன்னைக்கு நீங்கதான கூப்பிட்டீங்க. ஊரே வந்துது. இதையும் நீங்களே கூப்பிடுங்க. நான் பின்னால வாரேன்."

வீட்டுக்கு வந்து செபஸ்தியம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். வாரத்துக்கு நான்கு நொடிதான் அவளுக்கு இருந்தது. அதை நான் பிடுங்கப்போகிறேன். கடைசியில் சொன்னேன். அவள் சாளை மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"பிரகாசி என்கிட்டதான் மொதல்ல வந்தா" என்றாள்.

"உன்கிட்டயா? எப்போ?"

"போன வாரம். எங்க ஆளு லேசுல எறங்கி வர மாட்டாரு, நீயே போய்ச் சொல்லுன்னு நான்தான் அனுப்புனேன்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லியா. நாலு நொடி என்ன, நாப்பது வருசம் கேட்டாலும் பத்தாது. அதுக்காகப் பிள்ளைய வாசல்லயே நிப்பாட்டி வைக்க முடியுமா? அவன் போற எடத்துக்குப் போகட்டும். நாம பொறவு போய்க் கேட்டுக்கலாம். அங்க போனா நேரம் கெடக்குல்லா."

இதை அவள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோலச் சொன்னாள். நான் நாற்பது வருடம் பிரசங்கம் கேட்டவன். உயிர்ப்பு என்பதை அவ்வளவு சாதாரணமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

புதுநன்மை ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் பதினாறும் வெள்ளை உடுப்பில் முன்னால் நின்றன. செபம் வந்தபோது நான் கையில் ஒரு மைக்கை வைத்திருந்தேன். உணவு கேட்கும் வரி முடிந்தது. எல்லோரும் வழக்கம்போல மூச்சைப் பிடித்தார்கள். பெண்கள் தங்கள் தங்கள் தூண் பக்கமும் ஜன்னல் பக்கமும் காதைச் சாய்த்தார்கள். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய் அந்த வரியைச் சொல்லத் தொடங்கினேன்.

முந்நூறு முகம் திரும்பியது. "ஏய், கஸ்பார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இஞ்ஞாசி சொன்னது கேட்டது. லில்லி இரண்டு கையையும் நீட்டினாள், என் வாயைப் பொத்த வருவதுபோல. நான் தொடர்ந்தேன். 'குற்றம் செய்வோரை' என்றபோது மணலில் கிடந்த என் மகனைக் கண்டேன், செலஸ்தீனின் கையையும் கண்டேன். 'நாங்கள் மன்னிப்பது' என்றேன். அடுத்த சொல் வரவில்லை. போல என்ற இரண்டே எழுத்து. ஊருக்கே கேட்கும் என் தொண்டையில் அது ஏறவில்லை. இஞ்ஞாசி சொன்னது சரிதான், அங்கேதான் நிற்கும்.

வலது பக்கத்திலிருந்து பிரகாசி சொன்னாள், மைக் இல்லாமல், கடற்கரையில் ஆளைக் கூப்பிடுவதுபோல உரக்க: "போல!"

அவள் அதை எனக்காகச் சொன்னாள் என்பது அந்தக் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்தது. செபஸ்தியம்மாள் சொன்னாள். எட்வின் சாமி சொன்னார். லில்லி நீட்டிய கையை அப்படியே குவித்துக்கொண்டு சொன்னாள். பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் குற்றங்களை மன்னியும் என்று இரண்டு தெருவும் சொன்னது, கடைசியாக இஞ்ஞாசியும் சொன்னார், பிள்ளைகள் புதுச்சொல்லைப் பிடிக்கத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தன. அவ்வளவு சத்தத்தில் இறந்தவர்கள் யாருடைய குரலும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் சொன்னோம்.

வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரு சத்தம் வந்தது. உயிரோடிருந்த நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம், ஒருவரும் அசையவில்லை. ஆனால் கோயில் முழுக்க, தூண்களுக்கு நடுவிலும் ஜன்னல்களுக்குக் கீழும் பீடத்துக்குப் பின்னாலும், நெடுநேரம் நின்ற ஒரு பெருங்கூட்டம் ஒன்றாக உட்காரும் சத்தம் கேட்டது. சேலை மடிந்தது, முழங்கால் சொடுக்கியது, யாரோ இடம் விட்டு நகர்ந்து கொடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அரை நொடி முந்தி, மூன்றாவது தூணருகே, ஒரு குரல் "அப்பாடா" என்றது.

அதன்பின் அவர்கள் பேசவில்லை. இன்றுவரை இல்லை. ஞாயிறுதோறும் அந்த வரியை நாங்களே சொல்கிறோம். சில ஞாயிறு எனக்கு அது உண்மையாக வருகிறது, சில ஞாயிறு வாயளவில்தான் வருகிறது. அப்படிப்பட்ட நாட்களில் 'போல' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன், மற்றவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பிரகாசியோடு பஸ் ஏறி செலஸ்தீனைப் பார்க்கப் போகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் அதிகம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. போய்விட்டு வருகிறோம்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு நடக்கும்போது செபஸ்தியம்மாளிடம் கேட்டேன். "கடைசியா ஒண்ணு கேட்டுச்சே. உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அலுப்புல சொன்னானா, இல்ல என்னக் கூப்பிட்டானா?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "நீங்க அங்க நின்னீங்க, ஆண்டவரும் அங்கதான் நின்னாரு. யாரக் கூப்பிட்டானோ" என்றாள். "உக்காந்துட்டான்ல, அது போதும்."